நாய் இன்னா கலர்?

வண்டி நிறுத்துமிடத்தில் காரை இடித்தவர்கள் எங்கள் ஆம்பூர்ப் பக்கத்தில் காப்பீட்டு விண்ணப்பத்தில் ஒரே காரணத்தைத்தான் எழுதுவார்கள். ‘நாய் குறுக்கே வந்ததால்.’ தூணில் இடித்தவருக்கும் நாய், காம்பவுண்டுச் சுவரில் இடித்தவருக்கும் நாய், சொந்த மச்சான் காரில் இடித்தவருக்கும் நாய். விண்ணப்பங்களை மட்டும் படித்தால் வேலூரிலிருந்து வாணியம்பாடி வரை மனிதர்கள் எல்லோரும் ஒழுங்காகத்தான் ஓட்டுகிறார்கள், நாய்களுக்குத்தான் வேறு வேலை இல்லை என்று தோன்றும்.

அந்த நாய்களோடு தனியாளாக மல்லுக்கட்டியவர் ஒரு பெண்மணி. காப்பீட்டு நிறுவனம் அனுப்பும் சர்வேயர். அடிபட்ட வண்டியைப் பார்த்து, எப்படி அடிபட்டது, சொன்ன கதையும் நசுங்கிய தகரமும் ஒத்துப்போகின்றனவா என்று ரிப்போர்ட் கொடுப்பது அவர் வேலை. நான் ஒரு ஷூ கம்பெனியில் நிர்வாகப் பிரிவில் இருக்கிறேன். ஆபீஸ் கார்கள், லாரி, வேலைக்கு வரும் பெண்களை ஏற்றி வரும் ஒப்பந்த வேன்கள் எல்லாம் என் பொறுப்பு. அதனால் அவரை நான் அடிக்கடி சந்திக்க வேண்டியிருந்தது. ‘வேண்டியிருந்தது’ என்று சும்மா எழுதுகிறேன். அவர் வருகிறார் என்றால் எனக்குக் காலையிலிருந்தே குஷியாக இருக்கும்.

எங்கள் ஊர் டிங்கரிங் ஷெட்டுகளில் அவருக்கு ‘நாய் மேடம்’ என்று பெயர். அது அவருக்கும் தெரியும். ஒருமுறை ஷெட் வாசலில் காரை விட்டு இறங்கும்போதே, “நாய் மேடம் வந்துட்டாங்கன்னு உள்ள சொல்லுங்கப்பா” என்று அவரே குரல் கொடுத்தார். உள்ளே ஸ்பேனர் விழுகிற சத்தம் கேட்டது.

குள்ளமான உருவம். சுடிதார் துப்பட்டாவைக் குறுக்காகப் போட்டு இடுப்பில் முடிந்திருப்பார். காலில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் விளையாட்டுப் பீரியடுக்குப் போடுகிற மாதிரி வெள்ளைக் கான்வாஸ் ஷூ. உலகத்துக்கே தோல் ஷூ தைத்து அனுப்புகிற ஊருக்குள் இப்படி வருகிறாரே என்று எங்கள் ஆட்களுக்கு மனத்தாங்கல். கைப்பையில் ஒரு அளவு டேப்பும் நிறைய சாக்பீஸும் இருக்கும். தன்னுடைய சின்னக் காரை எந்த வளாகத்துக்குள்ளும் கொண்டுவர மாட்டார். வெளியே எங்காவது மரத்தடியில் விட்டுவிட்டு வெயிலில் நடந்து வருவார். ஏன் என்று கேட்டேன்.

“உள்ள விட்டா யாராவது இடிப்பாங்க சார். அப்புறம் எனக்கு யாரு சர்வே பண்ணுவாங்க?”

மற்ற சர்வேயர்கள் ஷெட்டுக்கு வருவார்கள், போட்டோ எடுப்பார்கள், டீ குடிப்பார்கள், போய்விடுவார்கள். இவர் மட்டும் இடித்த இடத்துக்குத்தான் முதலில் போக வேண்டும் என்பார். “வண்டி பாதிக் கதைதான் சொல்லும் சார். மீதி தரையில கிடக்குது.” போகும்போதே நடை ஓட்டமாக மாறிவிடும். யாரோ இரண்டு பேர் பம்பரை உரசிக்கொண்டதற்கு ஒரு மனுஷிக்கு இத்தனை சந்தோஷம் எங்கிருந்து வருகிறது என்று நான் வாயைப் பிளந்துகொண்டு பின்னாலேயே ஓடுவேன்.

அவரை முதன்முதலில் பார்த்தது ஒரு கல்யாண மண்டபத்தில். எங்கள் மேனேஜர் ஆபீஸ் காரை எடுத்துக்கொண்டு கல்யாணத்துக்குப் போனார். கிளம்பும்போது அவர் காரின் பின்பக்கமும் ஒரு மளிகைக் கடைக்காரர் காரின் பின்பக்கமும் மோதிக்கொண்டன. “நான் சும்மா நின்னேன், அவர்தான் வந்தாரு” என்று இருவரும் ஒரே வார்த்தைகளைச் சொன்னார்கள். மேடம் இருவரையும் மறுநாள் கார்களோடு அதே மண்டபத்துக்கு வரவழைத்தார். அன்று அங்கே வேறு யாருக்கோ கல்யாணம்.

“நீங்க ஒரு கார்,” என்று மளிகைக்காரரைச் சுட்டினார். மேனேஜரைப் பார்த்து, “நீங்க ஒரு கார்.”

“மேடம், நான் ஒரு மேனேஜர்.”

“நாளைக்கு மேனேஜரா இருந்துக்கலாம் சார். இன்னிக்குக் கார். திரும்பி நில்லுங்க.”

தரையில் சாக்பீஸால் இரண்டு கட்டம் போட்டு, ஆளுக்கொன்றில் முதுகைக் காட்டி நிற்க வைத்தார். “நேத்து எப்படி வந்தீங்களோ அப்படியே வாங்க.” இரண்டு பேரும் தொப்பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே நடந்தார்கள். பந்தியிலிருந்து கை கழுவ வந்த கூட்டம் அப்படியே நின்றுவிட்டது. முதுகும் முதுகும் மோதியபோது ஒரு பெண் விசில் அடித்தாள். அது மணப்பெண்ணின் தங்கை என்று பிறகு சொன்னார்கள்.

பிறகு இரண்டு கார்களின் கீறல்களையும் காட்டினார் மேடம். கீறல் எந்தப் பக்கம் ஆரம்பித்து எந்தப் பக்கம் முடிகிறது, பெயிண்ட் தூள் எந்த முனையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. “ஒருத்தர் நின்னு ஒருத்தர் வந்திருந்தா, வந்தவர் மேல தப்பு. இங்க ரெண்டு பேருமே வந்திருக்கீங்க, ரெண்டு பேருமே திரும்பிப் பாக்கல. பாதிப் பாதி. அவங்கவங்க வண்டிய அவங்கவங்க இன்சூரன்ஸ்ல செஞ்சுக்குங்க. சந்தோஷமா கை குடுத்துக்கோங்க.”

கொடுத்துக்கொண்டார்கள். வேறு வழியில்லை, அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வேலூரில் ஓர் ஆஸ்பத்திரி வளாகத்தில் நடந்ததை அவரே சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். ஒரு கணவனும் மனைவியும். காரின் முன்பக்க மூலை அப்பளமாகிக் கிடந்தது. விண்ணப்பத்தில் வழக்கம்போல நாய். அவர் அந்த மனிதரைத் தனியாகக் கூப்பிட்டு, “நாய் இன்னா கலர்?” என்று கேட்டார். அதில் மிரட்டலே இருக்காது. கல்யாணத்துக்குப் போய் வந்தவளிடம் பொண்ணு புடவை என்ன கலர் என்று கேட்கிற ஆசையோடு கேட்பார். மனிதர் வெலவெலத்துப் போய், “கருப்பு” என்றார். பிறகு மேடம் மனைவியிடம் போய்க் கேட்டார். “வெள்ளை” என்றாள் அந்த அம்மாள்.

“அப்ப ரெண்டு நாயா?”

மனைவி கணவனைப் பார்த்தாள். “போன் பேசினே தூண்ல உட்டாரும்மா. சொல்லாதன்னு சொன்னாரு” என்று போட்டு உடைத்துவிட்டாள்.

“தூண்ல முட்டினேன்னு எழுதினாலும் கம்பெனி குடுக்கும் சார். உங்க கவனக்குறைவுக்குத்தான் அந்த பாலிசியே” என்று அவர் அந்த மனிதரிடம் சொன்னாராம். “அப்புறம் எதுக்கு நாய்?”

இதுதான் அவருக்குத் தீராத ஆச்சரியம். என்னிடம் பலமுறை கேட்டிருக்கிறார். “பத்துப் பேரக் கூட்டினு வந்து சண்டை போடுவாங்க, நாலு பொய் சொல்லுவாங்க, கோயில்ல சத்தியம்கூட பண்ணுவாங்க சார். ‘நான்தான் முட்டிட்டேன்’னு ரெண்டு வார்த்தை. அது மட்டும் வாயில வராது. அது இன்னா அவ்ளோ கஷ்டமா?”

நானும் அந்த இரண்டு வார்த்தையை வீட்டில்கூடச் சொன்னதில்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

ஆக, ஊரில் செய்தி பரவிவிட்டது. அந்த மேடம் வந்தால் நாய் செல்லாது. காப்பீட்டு ஏஜென்ட்டுகள் ஆட்களுக்கு முன்கூட்டியே பாடம் நடத்த ஆரம்பித்தார்கள். சிலர் மாட்டுக்கு மாறினார்கள். அவர், “மாடு யாரோடது?” என்று கேட்டார். மாட்டுக்குச் சொந்தக்காரர் உண்டு. தேடிப்போனால் சண்டைக்கு வருவார்கள். மாடும் செல்லாமல் போயிற்று. ஒருவர் மயில் என்று எழுதிப் பார்த்தார். அன்று மேடம் ஷெட்டில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

நானும் சேர்ந்துதான் சிரித்தேன். இந்தச் சிரிப்பு ஒருநாள் ஏழுமலையின் பிழைப்பில் கைவைக்கும் என்று எங்கள் இருவருக்குமே தெரியாது.

ஏழுமலை எங்கள் ஒப்பந்த வேன் டிரைவர். வேன் அவருடைய சொந்த வேன். எங்கள் கம்பெனி டிரிப்பைத் தவிர அதற்கு வேறு வருமானம் கிடையாது. ஒடுகத்தூர்ப் பக்கத்து ஊர்களிலிருந்து தையல் பிரிவுப் பெண்களை ஏற்றிக்கொண்டு மாதனூர் வழியாக வருவார். அதிர்ந்து பேசமாட்டார். ஹாரனைக்கூட மரியாதையாகத்தான் அடிப்பார்.

ஒருநாள் காலை பெண்களை வாசலில் இறக்கிவிட்டு, காலி வேனை நிறுத்த உள்ளே திருப்பியவர், நேராக முதலாளியின் கார் கதவில் கொண்டுபோய்ச் சாத்திவிட்டார். புதுக் கார். முதலாளி அதில் ஒரு பூச்சி உட்கார்ந்தால்கூடக் கைக்குட்டையால் தட்டிவிடுகிறவர். சத்தம் கேட்டு நான் ஓடிப்போனபோது ஏழுமலை வேனுக்குப் பக்கத்தில் கையில் போனோடு நின்றிருந்தார். கேமரா இருந்தது, ஆனால் அது குடோன் பக்கம் திரும்பியிருந்தது. வண்டி நிறுத்துமிடத்தில் நடந்ததை யாரும் பார்க்கவில்லை.

நான் போய்ச் சேருவதற்குள் ஏஜென்ட் போனிலேயே அவருக்குப் பாடம் எடுத்துவிட்டார். “வர்றது அந்தம்மா. நாய்னு மட்டும் வாயத் தொறக்காத, உன் கிளெய்மே போய்டும். பிரேக் புடிக்கலன்னு எழுது.” ஏழுமலை அப்படியே எழுதினார். எங்கள் ஊரைத் தவிர வேறெங்காவது இப்படி நடக்குமா என்று தெரியவில்லை. ஊரே பொய்யாக நாயை எழுதுகிறது என்பதால், இந்த மனிதர் நிஜ நாயை மறைத்துப் பிரேக்கைப் பொய்யாக எழுதினார்.

முதலாளி அதைப் படித்தார். காரைப் பற்றிக்கூட அவர் அவ்வளவு கோபப்படவில்லை. இதற்குத்தான் முகம் சிவந்தது.

“பிரேக் இல்லாத வண்டியிலயா எங்க பொண்ணுங்கள ஏத்தினு வர்ற? கானாறு பாலத்து மேல புடிக்காம போயிருந்தா? நாளையிலருந்து நீ வேணாம்பா. வேற வேன் பாத்துக்கறேன்.”

ஏழுமலைக்கு, இப்போது மாற்றிச் சொன்னால் அதுவும் பொய் ஆகிவிடும் என்று பயம்.

மத்தியானம் மேடம் வந்தார். வழக்கம்போல வெளியே புளியமரத்தடியில் காரை விட்டுவிட்டு, வழக்கமான அந்த அரை ஓட்டத்தில். விண்ணப்பத்தைப் படித்தார். “சாவி குடுங்க” என்று வேனில் ஏறி உட்கார்ந்தார். என்னையும் ஏறச் சொன்னார். வளாகத்தில் ஒரு சுற்று வந்து பிரேக்கை மிதித்தார் பாருங்கள், நான் முன் கண்ணாடியை முத்தமிட்டுத் திரும்பினேன்.

“பிரேக் ஜோரா இருக்குது,” என்று குதித்து இறங்கினார். “டயர் தரையிலயும் எழுதி வச்சிருக்குது. பிரேக் புடிச்சதாலதான் இந்தக் கருப்புக் கோடு. ஏழுமலை, ஏன் பொய் எழுதினீங்க?”

முதலாளி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். “பிரேக் நல்லா இருக்குன்னா குடிச்சிட்டு வந்திருக்கான். ரெண்டுல ஒண்ணுதானே மேடம்?”

தையல் பிரிவு ஜன்னல்களில் பெண்களின் தலைகள் தெரிந்தன. மெஷின் சத்தம் நின்றுபோயிருந்தது. ஏழுமலையின் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை. ஓட்டத் தெரியாதவன் என்று சொன்னால்கூட ஒரு டிரைவர் தாங்கிக்கொள்வார். பெண்களை ஏற்றிவரும் வேன் டிரைவர் குடிகாரன் என்று பெயர் வாங்கினால் ஆம்பூரில் மட்டுமல்ல, குடியாத்தத்தில்கூட ஒரு கம்பெனியும் அவரைக் கூப்பிடாது.

மேடம் மட்டும் யாரையும் பார்க்கவில்லை. தரையில் குந்தி உட்கார்ந்து அந்தக் கருப்புக் கோட்டின் ஓரமாகவே சாக்பீஸால் வரைந்துகொண்டு போனார். “நேரா வருது, வருது, வருது… இங்க டக்குனு ஒடிச்சிருக்கீங்க. ஒடிச்சினே பிரேக்கும் போட்டிருக்கீங்க. தள்ளாடினு வர்றவன் இப்படி ஒடிக்க மாட்டான். எதையோ பாத்திருக்கீங்க. இன்னா பாத்தீங்க?”

“சொன்னா நம்ப மாட்டீங்க மேடம்.”

“சொல்லுங்க.”

“நாய்.”

செக்யூரிட்டி சிரித்தார். முதலாளியே சிரித்துவிட்டார். வருத்தத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது. மேடம் சிரிக்கவில்லை. எழுந்து நின்று, கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு, அதே பழைய ஆசையோடு கேட்டார்.

“நாய் இன்னா கலர்?”

“செவலை மேடம்,” என்றார் ஏழுமலை. கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது. “எடது காது மடிஞ்சு தொங்கும். வால் நுனி மட்டும் வெள்ள. முதலாளி கார் அடியிலருந்துதான் வந்துச்சு. இப்படிக் குறுக்க ஓடி கேன்டீன் பக்கமா போய்டுச்சு.”

அவர் கையிலிருந்த சாக்பீஸ் கீழே விழுந்தது. என் முழங்கையைப் பிடித்து அழுத்தினார். “காது சொல்றாரு சார்!” என்று என் காதில் கிசுகிசுத்தார். “இத்தன வருஷத்துல ஒருத்தர்கூட எனக்குக் காது சொன்னதில்ல!”

செக்யூரிட்டி அப்படி ஒரு நாயே வளாகத்தில் கிடையாது என்று அடித்துச் சொன்னார். ஷூ வாங்கும் வெளிநாட்டு பையர்கள் வந்து போகிற இடம். நாயை உள்ளே விடக்கூடாது, சோறு வைக்கக்கூடாது என்று முதலாளியின் உத்தரவு இருந்தது. முதலாளி கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்.

“சரி மேடம். நாளைக்குக் காலையில அந்த நாய எனக்குக் காட்டுங்க. நாய் வந்தா ஏழுமல ஓட்டட்டும். வரலன்னா என்னைக் கேக்கக் கூடாது.”

மறுநாள் காலை ஏழுமலையின் வேனில் வந்த பெண்கள் அம்மனிடமும் மாதாவிடமும் தர்காவிலும் வேண்டிக்கொண்டு வந்திருந்தார்கள். ஒரு தெருநாய் வரவேண்டும் என்று இத்தனை சாமிகளை யாரும் ஒரே நேரத்தில் தொந்தரவு செய்திருக்க மாட்டார்கள். ஒருத்தி பிஸ்கட் பாக்கெட் வைத்திருந்தாள். மேடம் அதைப் பிடுங்கித் தன் பையில் போட்டுக்கொண்டார். “லஞ்சம் குடுத்துக் கூட்டினு வந்தா அது சாட்சி இல்ல. தானா வரணும்.”

எல்லோரும் காத்திருந்தோம். வேலை நேரம் தாண்டிவிட்டது. ஒரு காக்காய் வந்தது. நாய் வரவில்லை. முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஏழுமலை வேன் சாவியை விரலிலிருந்து கழற்றி என்னிடம் நீட்டினார். நான் வாங்கிக்கொள்ளவில்லை.

“சீ, எனக்குத்தான் புத்தி இல்ல!” என்று மேடம் நெற்றியில் தட்டிக்கொண்டார். “இத்தன பேர் நின்னா எந்த நாய் வரும்? நேத்து இப்படியா இருந்துச்சு? நேத்து மாதிரி பண்ணணும் சார். எல்லாரும் உள்ள போங்க. கார் அங்கயே நிக்கட்டும். வேன் வாசலுக்குப் போகட்டும். நேத்து அந்த நேரத்துல வேற யாரு இன்னா பண்ணினாங்க?”

கேன்டீன் வாசலில் நின்றிருந்த மேரி அக்கா முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டே முன்னால் வந்தார். முதலாளியைப் பார்க்காமல் தரையைப் பார்த்துப் பேசினார்.

“நான்தான் சார். டெய்லி மிஞ்சினத அதுக்கு வெப்பேன். பின்வாசல்ல தட்டுல தட்டுவேன், வந்து துன்னுட்டுப் போய்டும். நேத்தும் தட்டினேன். இன்னிக்கு நீங்கள்லாம் நிக்கறீங்கன்னு பயந்துனு தட்டல.”

அவர் மேரி அக்காவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். “போய்த் தட்டுங்க அக்கா!”

நாங்கள் எல்லோரும் உள்ளே ஓடினோம். முதலாளியும் ஓடினார். தையல் பிரிவு ஜன்னலில் ஒரே நெரிசல். எனக்கு முன்னால் முதலாளி, முதலாளிக்கு முன்னால் எக்கி நிற்கும் மேடம். வெளியே வளாகம் காலியாகக் கிடந்தது. வேன் வாசலில் திரும்பி மெதுவாக, மிக மெதுவாக உள்ளே வந்தது. பின்வாசலில் தட்டு அடிக்கும் சத்தம் கேட்டது. டங், டங், டங்.

முதலாளி காரின் அடியிலிருந்து ஒரு மூக்கு வெளியே வந்தது.

அப்புறம் ஒரு செவலை உடம்பு. மடிந்த இடது காது. ஒரே பாய்ச்சலில் சாக்பீஸ் கோட்டின் மேலேயே குறுக்காக ஓடி, வெள்ளை வால் நுனி கேன்டீன் மூலையில் மறைந்தது. ஏழுமலை பிரேக் போட்டு நின்றார்.

“வந்துடுச்சு!” மேடம் போட்ட கூச்சலில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. “வந்துடுச்சு சார்! நாய் வந்துடுச்சு!” என்று நின்ற இடத்திலேயே குதித்தார். பெண்கள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். முதலாளி என் தோளில் ஓர் அறை அறைந்து, “அட, காதப் பாருய்யா, அப்படியே மடிஞ்சிருக்குது!” என்றார். நான் அழுதுவிட்டேன். ஒரு நாய்க்காக அழுதது அதுதான் முதல் தடவை.

எல்லோரும் வெளியே வந்தோம். முதலாளி சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார். “சரி மேடம். இப்ப தப்பு யார் மேல? நாய் மேலயா?”

“நாய்க்கு லைசென்ஸ் இல்ல சார். அத விட்டுடலாம்.” சட்டென்று அவர் முகம் மாறி சர்வேயரின் முகமாகிவிட்டது. “ஏழுமலை திருப்பத்துல இன்னும் கொஞ்சம் கம்மி வேகத்துல வந்திருக்கணும். அது அவர் பங்கு. ஆனா, வண்டி நிறுத்தறதுக்குக் கோடு போட்ட இடம் அதோ இருக்குது. உங்க கார் நடுப்பாதையில, திருப்பத்துலயே நிக்குது. அது உங்க பங்கு சார்.”

ஆபீஸ் படிக்கட்டுக்குப் பக்கம் என்பதற்காக முதலாளி அங்கேதான் நிறுத்துவார் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவரிடம் சொல்லும் தைரியம் ஒருவருக்கும் இருந்ததில்லை.

“மிச்சம் என் பங்கு,” என்றார் மேடம். ஏழுமலையின் பக்கம் திரும்பினார். “நாய்னு சொன்னா நம்ப மாட்டேன்னு ஊர் பூரா என்னப் பத்திப் பேச வச்சதே நான்தான். அதுல எனக்குப் பெருமை வேற. நான் அப்படி இல்லாம இருந்திருந்தா நீங்க நேத்தே நிஜத்தச் சொல்லியிருப்பீங்க. உங்களக் குடிகாரன்னு சொல்ற வரைக்கும் போயிருக்காது. ரிப்போர்ட்லயும் அப்படியே எழுதுவேன். நான்தான் முட்டிட்டேன் ஏழுமலை. மன்னிச்சிடுங்க.”

ஏழுமலை பதறிப்போனார். ஒரு மேடம் தன்னிடம் மன்னிப்புக் கேட்பதை அவரால் தாங்க முடியவில்லை.

“ஐயோ, உங்க மேல இன்னா மேடம் தப்பு? எல்லாம் அந்த நாயால வந்தது!”

“பாத்தீங்களா சார், பாத்தீங்களா! மறுபடியும் நாய்!” என்று அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். முதலாளி பையிலிருந்து சாவியை எடுத்தார். நசுங்கிய கதவு திறக்கவில்லை. அடுத்த பக்கமாக ஏறி, நகர்ந்து உட்கார்ந்து, காரைத் தானே கொண்டுபோய்க் கோட்டுக்குள் நிறுத்திவிட்டு அங்கிருந்து நடந்து வந்தார். வரும் வழியில் மேரி அக்காவிடம், “பையர் வர்ற அன்னிக்கு மட்டும் கட்டி வைம்மா” என்றார்.

மேடம் ரிப்போர்ட்டில் எழுதியதைப் பார்த்து அவருடைய மேலிடத்தில் என்ன சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது. ஏழுமலையின் கிளெய்ம் பாஸாகிவிட்டது. பிறகு மேடம் குடும்பத்தோடு கோயம்புத்தூர்ப் பக்கம் போய்விட்டார். இப்போது வருகிற சர்வேயர் நல்ல மனிதர். போட்டோ எடுப்பார், டீ குடிப்பார், போய்விடுவார். எனக்கு அவர் வரும் நாளெல்லாம் சப்பென்று இருக்கிறது.

போன மாதம் ஏழுமலை என் மேஜைக்கு முன்னால் வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். வேனின் பக்கவாட்டில் நீளமாக ஒரு கீறல். “சார், மேடம் நம்பர் உங்ககிட்ட இருக்குதா? அவங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டு எழுதறேன்” என்றார். நானே நம்பரைப் போட்டுக் கொடுத்தேன். ஸ்பீக்கரை நான்தான் அழுத்தினேன். கேட்காமல் இருக்க முடியுமா?

“மேடம், ஏழுமல பேசறேன். ஆம்பூர். வேன கேட் தூண்ல உட்டுட்டேன்.”

அந்தப் பக்கத்திலிருந்து அந்தக் குரல், அதே ஆசையோடு.

“நாய் இன்னா கலர் ஏழுமலை?”

“நாய்லாம் இல்ல மேடம். நான்தான் முட்டிட்டேன்.”

அன்றைக்கு ஜன்னல் கண்ணாடி அதிர்ந்த அதே கூச்சல் என் போனிலிருந்து வந்தது. பக்கத்து மேஜைக்காரர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“அப்படியே எழுதுங்க ஏழுமலை! ஒரு எழுத்துகூட மாத்தாதீங்க, அப்படியே எழுதுங்க!”